கொழும்பிலயிருந்து யூகோனுக்கு: குடும்பத்தோட முதல் ஆர்வி பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவுக்குப் போற எங்கட ஆக்கள் கூடுதலா ஸ்காபுரோவில சொந்தக்காரர் வீடு, நயாகரா, ஒரு கலியாணவீடு, ரெண்டு கோயில் எண்டு சுத்திப்போட்டு திரும்பி வந்திடுவினம். அதில ஒரு குறையும் இல்லை, ஆனா அவ்வளவு காசு குடுத்து அவ்வளவு தூரம் போறம் எண்டா அதில ஒரு பத்துப் பன்னிரண்டு நாளை வடக்குக்கு ஒதுக்குங்கோ எண்டுதான் என்னட்டக் கேக்கிற எல்லாருக்கும் சொல்லுறனான். கனடாவின்ர வடமேற்கு மூலையில இருக்கிற யூகோன் பிரதேசம் இலங்கையை விட ஏழு மடங்கு பெரிசு, அங்க இருக்கிற சனம் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு, அதிலயும் பெரும்பாலான ஆக்கள் வைற்ஹோர்ஸ் எண்ட ஒரே ஊருக்குள்ள. மிச்சமெல்லாம் மலை, ஏரி, ஆறு, காடு. கட்டில், அடுப்பு, ஃப்ரிஜ், டொய்லட் எல்லாத்தோடயும் இருக்கிற ஒரு ஆர்வி வாகனத்தை வாடகைக்கு எடுத்தா அம்மம்மா, பேரப்பிள்ளையள் எல்லாரோடயும் அந்தக் காட்டுக்குள்ள நிம்மதியா நிக்கலாம்.

ஒரு விசயத்தை முதலே சொல்லிப்போடுறன், கீழ வாற எல்லாம் அதிலயிருந்துதான் வருது. முதல் பயணத்தில ஓடுற தூரத்தைக் குறைங்கோ, ஒரு இடத்தில நிக்கிற இரவைக் கூட்டுங்கோ. மேப்பைப் பாத்த உடன அலாஸ்காவுக்கும் போவம், ஆர்க்டிக் வட்டத்தையும் தொடுவம் எண்டு ஆசை வரும். அதை ரெண்டாவது பயணத்துக்கு வையுங்கோ.

எப்ப போறது

ஜூன் தொடக்கத்திலயிருந்து செப்டம்பர் முதல் கிழமை வரைக்கும்தான் குடும்பத்துக்குச் சரியான காலம். ஜூன் கடைசியில வைற்ஹோர்ஸில 19 மணித்தியாலம் வெளிச்சம், அதுக்கும் வடக்கால இருக்கிற டோசன் சிட்டிப் பக்கம் இரவே இருட்டாது, சின்னப் பிள்ளையள் பத்து மணிக்கும் விளையாடோணும் எண்டு நிப்பினம், ஜன்னலை மறைக்க கறுப்புத்துணி ஏதும் கொண்டுபோங்கோ. ஜூன், ஜூலையில நுளம்பு மோசம். ஓகஸ்ட் எங்கட பள்ளிக்கூட லீவுக்கும் ஒத்துவரும், நுளம்பும் குறையும், கடைசிக் கிழமையில இலையள் மஞ்சள் சிவப்பா மாறத் தொடங்கும், இரவும் திரும்ப இருட்டும் எண்டபடியா அதிர்ஷ்டம் இருந்தா வடதுருவ வெளிச்சமும் பாக்கலாம். நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போற வீடுகள் மட்டும் அந்த வருசத் திகதியைப் பாத்துக்கொள்ளுங்கோ, பேந்து வீட்டில சண்டை வரும்.

ஓகஸ்டிலயும் பகலில ஒரு 18 டிகிரி, இரவில 5, 6 டிகிரிக்கு இறங்கும். அதுக்கு ஜக்கெட்டை கொழும்பில தேடித்திரியாதேங்கோ. ஸ்காபுரோ மச்சாளிட்ட கேட்டா அவவின்ர பிள்ளையள் போட்டு அளவில்லாமப் போனதுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கும்.

விசா, லைசன்ஸ், இன்சூரன்ஸ்

போறதுக்கு பத்து மாசம் முதலே தொடங்குங்கோ. இலங்கை பாஸ்போட்டுக்கு கனடா விசிட்டர் விசா வேணும், ஆளுக்கு 100 கனேடிய டொலர், 14 வயசிலயிருந்து 79 வயசு வரைக்கும் உள்ள ஆக்களுக்கு கைரேகை குடுக்க 85 டொலர், குடும்பமா ஒண்டா விண்ணப்பிச்சா கைரேகைக்கு மொத்தம் 170 டொலரோட நிப்பாட்டிடுவினம். சொந்தக்காரரின்ர அழைப்புக் கடிதத்தோட நாள் வாரியா எழுதின பயணத் திட்டத்தையும் சேத்து வையுங்கோ. விசா கையில வரமுதல் திருப்பிக் காசு தராத டிக்கெட் எடுக்கவே வேண்டாம். ஆர்வியை மட்டும் கான்சல் பண்ணக்கூடிய மாதிரி முதலே பிடிச்சு வைக்கோணும், ஏனெண்டா வடக்கில வாகனங்கள் கொஞ்சம்தான், கோடைக்கு கெதியா முடிஞ்சிடும்.

இன்னொண்டு, வைற்ஹோர்ஸில இருந்து ஸ்காக்வே எண்ட அழகான துறைமுகம் 180 கி.மீ அளவுதான், எல்லாரும் போகச் சொல்லுவினம், ஆனா அது அலாஸ்கா, அதாவது அமெரிக்கா. எங்களுக்கு அதுக்கு தனி விசா வேணும். கனடா சிட்டிசன் மச்சான் “வா ஒரு எட்டு போய்ட்டு வருவம்” எண்டு சாதாரணமாக் கூப்பிடுவார், அவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

லைசன்ஸுக்கு காலிமுகத்திடல் பக்கம் இருக்கிற ஓட்டோமொபைல் அசோசியேசன் ஒஃப் சிலோனில சர்வதேச டிரைவிங் பெர்மிட் எடுங்கோ, இலங்கை லைசன்ஸையும் சேத்துக் கொண்டுபோகோணும், பெர்மிட் தனிய செல்லாது. ஆனா என்ர அபிப்பிராயம், கனடாவில ஓடிப் பழகின ஒரு ஆள் உங்களோட வருவார் எண்டா அவரே பிரதான டிரைவரா இருக்கட்டும், உங்கட பேரை ரெண்டாவதா ஒப்பந்தத்தில எழுதுங்கோ. பேர் எழுதாத ஆள் ஓடி ஏதும் நடந்தா இன்சூரன்ஸ் கைவிரிச்சிடும்.

மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்லாமப் போறதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி வைற்ஹோர்ஸில, டோசனிலயும் வட்சன் லேக்கிலயும் சின்னது, மற்ற ஊர்களில தாதிமார் நடத்துற ஹெல்த் சென்டர்தான். ஒரு ஆளை விமானத்தில ஏத்த வேண்டி வந்தா வாற பில்லை எங்கட ரூபாயில கணக்குப் பாக்கேலாது. பிரஷர், சீனி வருத்தம் இருக்கிற பெரியாக்களின்ர பழைய வருத்தங்களும் பொலிசிக்குள்ள வருதோ எண்டு வாசிச்சுப் பாருங்கோ, முழு நாளுக்கும் காணக்கூடிய மருந்தை இங்கயிருந்தே கொண்டுபோங்கோ.

ரூட்

ரொறன்ரோவில இருந்தே ஓடிக்கொண்டு போவம் எண்டு ஆராவது சொன்னா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, ஒரு பக்கமே 5,000 கி.மீக்கு மேல. வன்கூவர் போய் அங்கயிருந்து வைற்ஹோர்ஸுக்கு ரெண்டரை மணித்தியால விமானம், எயர் நோர்த் எண்ட யூகோன்காரரின்ர கம்பனியும் ஓடுது. வைற்ஹோர்ஸில எடுத்து வைற்ஹோர்ஸிலயே குடுத்தா வேற ஊரில விட்டா எடுக்கிற மேலதிகக் காசும் மிச்சம்.

நான் சொல்லுற ரூட் இதுதான். முதல் இரவு வைற்ஹோர்ஸில ஹொட்டல், கண்டம் தாண்டிப் பறந்து வந்த அண்டைக்கே நிறையக் கம்பனியள் வாகனம் தராது, அது நல்லதுக்குத்தான். அடுத்த நாள் வாகனத்தை எடுத்து சாமான் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிட்டவே, கரண்ட், தண்ணி வசதியோட வாகனத்தை நிப்பாட்டுற ஒரு ஆர்வி பார்க்கில நில்லுங்கோ. ஹீட்டர் வேலை செய்யேல்லை, பைப் ஒழுகுது எண்டா திருப்பிக் கொண்டுபோகலாம், அதுக்குத்தான் அந்த இரவு.

பேந்து அலாஸ்கா நெடுஞ்சாலையால மேற்க, ஹேன்ஸ் ஜங்ஷன் 155 கி.மீ. இந்த ரோட்டு 1942இல யுத்த நேரம் அமெரிக்க இராணுவம் சில மாசத்துக்குள்ள வெட்டினது. அங்கதான் க்ளுவானி தேசிய பூங்கா, கனடாவின்ர ஆக உயரமான லோகன் மலை, 5,959 மீற்றர், அதுக்குள்ள இருக்கு, ஆனா ரோட்டில நிண்டு பாத்தா கூடுதலா முன்மலையள்தான் தெரியும். கத்லீன் ஏரி கேம்ப்கிரவுண்டை ஒன்லைனில முதலே புக் பண்ணலாம், ரெண்டு இரவு வையுங்கோ. அங்கயிருந்து க்ளுவானி ஏரிப் பக்கம் ஒரு நாள். ஏரியின்ர தென் முனையில பெரிய வெறும் சேத்து வெளி ஒண்டு, காத்தடிச்சா புழுதி புகை மாதிரி எழும்பும். 2016 வரைக்கும் அதில ஒரு ஆறு ஓடினது, கஸ்காவுல்ஷ் பனிப்பாறை கரைஞ்சு பின்னுக்குப் போக தண்ணி முழுக்க மற்றப் பக்கத்து ஆத்துக்குத் திரும்பிட்டுது, சில நாளில ஆறு வத்திப்போச்சுது, ஏரி மட்டமும் இறங்கிட்டுது. கிட்ட இருக்கிற மலைச்சரிவில வெள்ளைப் புள்ளியளா அசையிறது டோல் செம்மறியாடு, பைனாகுலர் கட்டாயம் வேணும்.

திரும்பி வைற்ஹோர்ஸ் வந்து டாங்க் எல்லாம் வெறுமையாக்கி, சாமான் நிரப்பி, க்ளொண்டைக் நெடுஞ்சாலையால டோசன் சிட்டிக்கு ஏறுங்கோ, 530 கி.மீ. ஒரே நாளில ஓடலாம் எண்டு சொல்லுவினம், நீங்கள் ரெண்டாப் பிரியுங்கோ. கார்மக்ஸ் தாண்டின உடன ஐந்து விரல் பாய்ச்சல் எண்ட இடத்தில ஆறு பாறையளுக்கு நடுவால பிரிஞ்சு பாயும், கீழ இறங்க படி நிறைய, முழங்கால் நோ உள்ள ஆக்கள் மேலயே நிண்டு பாக்கலாம். டோசன் பக்கத்து பொனன்சா ஓடையில 1896 ஓகஸ்டில தங்கம் கண்டுபிடிச்சதுதான் அந்தப் பெரிய தங்க வேட்டைக்குத் தொடக்கம், அந்த ஓடையில ஆறாம் நம்பர் காணியில எவரும் இலவசமாத் தங்கம் அரிச்சுப் பாக்கலாம், தட்டு மட்டும் கொண்டுபோகோணும். பிள்ளையள் எழும்பி வராயினம். அந்த மண் தங்கம் வரமுதலே ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்களின்ர மண், 2023இல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில சேந்தது அவையின்ர கதையும் சேத்துத்தான், ஆத்தங்கரையில இருக்கிற அவையின்ர கலாசார நிலையத்துக்கு கட்டாயம் போங்கோ. டோசனில மூண்டு இரவு.

டோசனுக்குக் கிட்டத் தொடங்குற டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை கிரவல் ரோட்டு, 72ஆவது கி.மீயில டூம்ஸ்டோன் பூங்கா, பாத்தா மறக்கேலாத மலையள். ஆனா நிறைய வாடகை ஒப்பந்தங்களில இந்த ரோட்டுக்குத் தடை இருக்கு. கம்பனியிட்ட கேட்டு பதிலை எழுத்தில வாங்குங்கோ, ஓம் எண்டா போங்கோ, இல்லையெண்டா டோசனில இருந்து ஆராவது டூர் கூட்டிக்கொண்டு போவினமோ எண்டு விசாரியுங்கோ. திரும்பி வந்து கடைசி நாளில வைற்ஹோர்ஸுக்குத் தெற்கால கார்குரொஸ், போற வழியில பச்சை நிறத்தில எமரால்ட் ஏரி. எல்லாம் கூட்டினா 1,700 கி.மீ அளவு. போதும்.

வாகனம் பிடிக்கேக்க கேக்கவேண்டியது

ஆறு பேருக்குப் படுக்கை எண்டு போட்டிருப்பாங்கள், சீட் பெல்ட் எத்தினை, பிள்ளை சீட் எங்க பூட்டலாம் எண்டு கேளுங்கோ. டிரைவருக்கு மேல இருக்கிற கட்டில் ஏணியில ஏறுறது, பெரியாக்களுக்குச் சரிவராது, பின் அறை அவைக்கு. நாளுக்கு எத்தினை கி.மீ அடக்கம், கூடினா எவ்வளவு, சட்டி பானை, படுக்கைச் சாமானுக்கு தனிக் காசோ, கண்ணாடி உடைஞ்சா ஆர் பொறுப்பு. கடைசியா சொன்னது முக்கியம், எதிர்ல வாற லொறி எறியிற கல்லு முன்கண்ணாடியில படுறது அங்க சாதாரணம். யூகோனில மாகாண வரி இல்லை, மத்திய வரி 5 வீதம் மட்டும்தான், அது ஒரு ஆறுதல்.

வாகனத்தைத் தரேக்க ஒரு மணித்தியாலம் விளக்கம் சொல்லுவினம். அதை முழுக்க ஃபோனில வீடியோ எடுங்கோ.

தண்ணியும் டாங்கும்

எங்கட ஆக்கள் கூடுதலாத் தடுமாறுற இடம் இது, அதால விரிவாச் சொல்லுறன். ஆர்வியில மூண்டு டாங்க். நல்ல தண்ணிக்கு ஒண்டு, குளிக்கிற கழுவுற தண்ணி போறதுக்கு சாம்பல் டாங்க், டொய்லட்டுக்கு கறுப்பு டாங்க். யூகோன் அரசாங்க கேம்ப்கிரவுண்டுகளில கரண்ட் இல்லை, குழாய்த்தண்ணி இல்லை, கைப்பம்ப் இருக்கிற இடத்திலயும் கொதிக்கவைச்சுத்தான் குடிக்கோணும், விறகு மட்டும் அவையே தருவினம். அப்ப நீங்கள் டாங்கில கொண்டுபோறதுதான் உங்கட தண்ணி.

நாங்கள் டொய்லட்டில தண்ணி பாவிக்கிற ஆக்கள், அங்க ஹாண்ட் ஷவர் இராது. ஒரு சின்னக் கப் அல்லது வாய் ஒடுங்கின போத்தல் வையுங்கோ, அளவாப் போகும். கறுப்பு டாங்குக்குள்ள கொஞ்சம் தண்ணி போறது நல்லதுதான், காய்ஞ்சு இறுகாது. ஆனா ஈரத்துடைப்பான் ஒண்டையும் போடவே கூடாது. குளிக்கிறது எண்டா நனைச்சு, பூட்டி, சோப் போட்டு, திறந்து அலசுறது. தலைமுழுக்கு ஆர்வி பார்க் வாற நாளில.

சிங்க்கில எண்ணெய் ஊத்தாதேங்கோ. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறையும், அங்க காலமை போத்தலுக்குள்ளயே கல்லு மாதிரி நிக்கும், அப்ப சாம்பல் டாங்கின்ர பைப்புக்குள்ள போனது என்ன செய்யும் எண்டு யோசியுங்கோ. சட்டியை பேப்பரால துடைச்சு குப்பையில போட்டிட்டு பேந்து கழுவுங்கோ.

வெறுமையாக்கிறதுக்கு டம்ப் ஸ்டேசன் இருக்கு. கையுறை போட்டு, பைப்பை வாகனத்தில பூட்டி மற்ற முனையை நிலத்து ஓட்டைக்குள்ள இறுக்கி வைச்சு, முதல் கறுப்பு டாங்கைத் திறக்கோணும், அது ஓடி முடிஞ்சு பூட்டின பிறகு சாம்பல், அந்த சவர்க்காரத் தண்ணி பைப்பைக் கழுவிக்கொண்டு போகும். இந்த ஒழுங்கை மாத்தக்கூடாது. நல்ல தண்ணிக்கு வேற பைப், அதை இதுக்குக் கிட்டயும் கொண்டுவரக்கூடாது. மூண்டு நாளைக்கு ஒருக்கா இது ஒரு இருபது நிமிச வேலை.

சமையலும் கரடியும்

அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் ரின், மரக்கறி, இறைச்சி எல்லாம் வைற்ஹோர்ஸ் சுப்பர்ஸ்டோரில எடுக்கலாம். இங்கயிருந்து கொண்டுபோகவேண்டியது யாழ்ப்பாணத்துத் தூள், வறுத்த புட்டுமா, சோயாமீற், ஒரு நல்ல கட்டச்சம்பல் போத்தல். சாப்பாட்டுச் சாமான் எல்லாத்தையும் எயர்போட்டில எழுதிக் காட்டுங்கோ, ஒளிச்சா அபராதம். வீட்டு ரைஸ் குக்கர், கிரைண்டர் கொண்டுபோகாதேங்கோ, எங்கட கரண்ட் 230 வோல்ட், அங்க 120. சோறு காஸ் அடுப்பில சட்டியில காய்ச்சிறதுதான்.

உள்ளுக்கு மிளகாய் தாளிச்சா புகை அலாம் அடிக்கும், மேல காத்துப்போக்கியையும் ஒரு ஜன்னலையும் முதலே திறந்துபோட்டு அடுப்பைப் பத்தவையுங்கோ. அலாம் தொல்லை தருது எண்டு பற்றறியைக் கழட்டுறது மட்டும் வேண்டாம், காஸ் அடுப்பு எரியிற சின்ன அறைக்குள்ள நித்திரை கொள்ளுறனீங்கள்.

கருவாடு, மீன் பொரியல் அங்க ஆசைப்படாதேங்கோ. கரும் கரடியும் கிரிஸ்லியும் உள்ள காடு, மணம் எவ்வளவு தூரத்திலயிருந்தும் அதுகளுக்குப் பிடிபடும். வெளியில மேசையில சாப்பிட்டா ஒரு சோத்துப் பருக்கை கூட விடாமத் துடைச்சு, எச்சில் தட்டு, கூலர், சமைச்ச எண்ணெய், பற்பசை வரைக்கும் எல்லாம் உள்ளுக்கு. குப்பை கரடி திறக்கேலாத இரும்புத் தொட்டிக்குள்ள. சாப்பாட்டு ருசி கண்ட கரடியை கடைசியில சுட வேண்டி வாறது, அதால இது எங்கட பாதுகாப்புக்கு மட்டும் செய்யிற வேலை கிடையாது. க்ளுவானி ஏரிக்கரையில கொங்டன் க்ரீக் கேம்ப்கிரவுண்டில சோப்பெரி எண்ட காட்டுப்பழம் பழுக்கிற நேரம் கரடி நிறைய வரும், கூடாரம் அடிக்கிற ஆக்களுக்கு கரண்ட் வேலிக்குள்ளதான் இடம், ஆர்விக்காரர் வெளியில நிக்கலாம்.

நடக்கப் போகேக்க கூட்டமா, சத்தமாக் கதைச்சுக்கொண்டு போங்கோ. பிள்ளையள் முன்னுக்கு ஓடக்கூடாது. கரடி ஸ்ப்ரேயை விமானத்தில ஏத்தவிடமாட்டினம், வைற்ஹோர்ஸில வாங்கி பெரியாள் ஒராளின்ர இடுப்பில இருக்கட்டும். கரடி, ஓநாய் மாதிரியானதுகளுக்கு 100 மீற்றர், மான், காட்டுச் செம்மறியாடு மாதிரியானதுகளுக்கு 30 மீற்றர் இடைவெளி எண்டது பூங்காக்காரரின்ர கணக்கு. ரோட்டோரத்தில கரடி நிண்டா வாகனத்துக்குள்ள இருந்து பாருங்கோ, படம் எடுக்க இறங்கவே கூடாது.

ரோட்டு, பெற்றோல், சிக்னல்

கொழும்பிலயிருந்து யாழ்ப்பாணம் 400 கி.மீ, வழிநெடுக தேத்தண்ணிக்கடை, முறிகண்டியில பிள்ளையாரைக் கும்பிட்டு கச்சான் வாங்கிறது, எங்க நிண்டாலும் ஆக்கள். அந்தக் கணக்கை இங்க வைக்காதேங்கோ. ஸ்டூவர்ட் குரொசிங்கில இருந்து டோசன் 180 கி.மீ, இடையில ஊரெண்டு சொல்ல ஒண்டும் இல்லை. டாங்க் அரைவாசிக்கு வந்தா நிரப்புறது, எவ்வளவு விலை எண்டாலும். ஆர்வி 100 கி.மீக்கு 25 லீற்றர் அளவு குடிக்கும், 1,700 கி.மீக்கு 425 லீற்றர், அதை பட்ஜெட்டில முதலே போடுங்கோ.

வலப்பக்கம் ஓடுறது நேர் ரோட்டில சிக்கலில்லை, பெற்றோல் ஷெட்டில இருந்து வெளிக்கிட்டுத் திரும்பேக்கதான் கை பழைய பக்கம் போகும், பக்கத்தில இருக்கிற ஆள் ஒவ்வொரு தரமும் “வலது” எண்டு வாய்விட்டுச் சொல்லட்டும். வாகன உயரத்தை பேப்பரில எழுதி முன்னுக்கு ஒட்டுங்கோ. பின்னுக்கு எடுக்கேக்க எப்பவும் ஒராள் இறங்கி நிக்கோணும். பகலிலயும் ஹெட்லைட் போட்டபடி, 80, 90இல போனாக் காணும், பின்னால வாற ஆக்களுக்கு ஒதுங்கி வழி விடுங்கோ. ஓடேக்க ஒருத்தரும் எழும்பி ஃப்ரிஜ் திறக்கிறது, தேத்தண்ணி போடுறது கூடாது.

ஃபோன் சிக்னல் ஊர்களுக்குக் கிட்ட மட்டும்தான். மேப்பை முதலே டவுன்லோட் பண்ணுங்கோ, சாட்டலைட்டால மெசேஜ் அனுப்புற கருவி ஒண்டு வாடகைக்கு எடுங்கோ, இதில காசு பாக்கவேண்டாம். கொழும்பில ஒராளிட்ட நாள் வாரியான திட்டத்தைக் குடுத்து வையுங்கோ, யூகோன் நேரம் காலமை 7.30 எண்டா இங்க இரவு 8 மணி, அந்த நேரம் ஒரு மெசேஜ் எண்டு பழக்கினா வீட்டில அப்பா அம்மா பதறமாட்டினம்.

ஒவ்வொரு காலமையும் சிக்னல் இருக்கிற இடத்தில 511 யூகோன் இணையத்தளத்தில ரோட்டு நிலைமையும், யூகோன் அரசாங்க இணையத்தளத்தில காட்டுத்தீ நிலைமையும் பாருங்கோ. 2023 ஓகஸ்டில பக்கத்துப் பிரதேசத்தின்ர தலைநகர் யெலோனைஃபையே முழுக்கக் காலி பண்ணவேண்டி வந்தது. நெருப்பு மூட்டத் தடை எண்டு போட்டிருந்தா அடுப்புக்கரியும் இல்லை, அவ்வளவுதான். புகை கூடினா திட்டத்தைத் திருப்பிப் போடுங்கோ, டோசன் போகாம க்ளுவானியில கூட ரெண்டு நாள் நிண்டாலும் நட்டமில்லை.

திருப்பிக் குடுக்கிற நாள்

கடைசி இரவு வைற்ஹோர்ஸுக்குள்ள நில்லுங்கோ. காலமை ரெண்டு டாங்கும் வெறுமையாக்கி, பெற்றோலும் காஸும் நிரப்பி, உள்ளுக்குக் கூட்டித் துடைச்சு, எடுக்கேக்க எடுத்த வீடியோவை வைச்சுக்கொண்டு கம்பனி ஆளோட சேந்து ஒருக்கா சுத்திப் பாருங்கோ, கண்ணாடி, டயர், கூரை ஓரம். மிச்ச அரிசி, பருப்பை ஆர்வி பார்க்கில புதுசா வந்து நிக்கிற குடும்பத்திட்ட குடுக்கலாம், பாவிக்காத கரடி ஸ்ப்ரேயையும் அப்பிடித்தான், அது பெட்டிக்குள்ள மறந்துபோய் எயர்போட்டுக்கு வரக்கூடாது. அண்டைக்கே கொழும்புக்கு டிக்கெட் போடாதேங்கோ, வன்கூவரில ஒரு இரவு தங்கி அடுத்த நாள் ஏறுங்கோ.